பனியன் கம்பெனிப் பையனை ரயில் ஏற்றிவிடலாமா?

கேள்வி: திருப்பூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ஜார்க்கண்டிலிருந்து ஏஜென்ட் அழைத்துவந்த பையன் ஒருவன், வேலை பார்த்த பனியன் கம்பெனியை விட்டு ஓடிவந்து, காய்ச்சலோடு எங்கள் வீட்டில் இருக்கிறான். ஆதாரில் வயது 19. தனக்கு 15 என்கிறான். அவன் தாய் வாங்கிய 15,000 ரூபாய் முன்பணம் கழியும்வரை சம்பளம் கிடையாது என்றார்களாம். பெற்றோர் கையெழுத்து இல்லையென்று ஒரு தனியார் மருத்துவமனை திருப்பி அனுப்பிவிட்டது. டிக்கெட் எடுத்து ஊருக்கு அனுப்பிவிடலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். கடிதம் கிடைத்ததும் உங்களிடம் தொலைபேசியில் சொன்னதை, இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன். ஏஜென்டுக்கு அவன் வீடு தெரியும். தனியே போய் இறங்கும் பையனை அதே ஆள் அடுத்த வாரமே வேறு ஊருக்கு ஏற்றிவிடுவான்.

முதலில் அரசு மருத்துவமனை. தாயைத் தொலைபேசியில் பிடித்துச் சம்மதம் பெறப் பாருங்கள். உடனடிச் சிகிச்சை தேவைப்பட்டு, பாதுகாவலரை எட்ட முடியாமல் போனால், நல்லெண்ணத்துடன் சிகிச்சை தரும் மருத்துவருக்கு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. கையெழுத்தைக் காரணம் காட்டும் மருத்துவமனைகள் இதை ஏன் படிப்பதில்லையோ!

அடுத்து, குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள். இளஞ்சிறார் நீதிச் சட்டம், 2015-இன் 32-ஆம் பிரிவின்படி, கைவிடப்பட்டோ தொலைந்தோ ஆதரவற்றோ இருப்பதாகத் தோன்றும் குழந்தையைப் பொறுப்பில் எடுப்பவர் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 'அவனுக்குத்தான் ஊரில் தாய் இருக்கிறாரே' என்ற வாதத்தை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். குழந்தைகள் நலக் குழுவின் முன் அவனை நீங்களே நேரில் ஆஜர்படுத்தவும் 31-ஆம் பிரிவு இடம் தருகிறது. அவனை ஊர் சேர்ப்பது அந்தக் குழுவின் வேலை. அவன் மாவட்டத்திலுள்ள குழுவைக் கலந்து, வீட்டு நிலைமையை விசாரித்து, துணையாள் ஒருவருடன் அனுப்புவார்கள்.

ஆதாரில் உள்ள 19-ஐக் கண்டு மலைக்க வேண்டாம். வயதில் சந்தேகம் வந்தால் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு முதலில் பார்க்கச் சொல்வது பள்ளிச் சான்றிதழை. அது இல்லையென்றால் உள்ளாட்சி தரும் பிறப்புச் சான்றிதழை. இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புச் சோதனை. ஆதார் அந்தப் பட்டியலிலேயே இல்லை. அது பிறந்த தேதிக்குச் சான்றாகாது என்று உச்ச நீதிமன்றமும் 2024-இல் கூறிவிட்டது. ஆகவே அவன் படித்த பள்ளியின் பெயரைக் கேட்டு எழுதிவையுங்கள்.

இனி அந்த முன்பணம். கடனைக் காட்டிச் சம்பளமில்லாமல் வேலை வாங்குவது கொத்தடிமை முறை. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒழித்ததோடு கொத்தடிமைக் கடனையும் ரத்து செய்துவிட்டது. தாய் ஒரு ரூபாய்கூடத் திருப்பித் தர வேண்டியதில்லை. அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் சுமையும் கொடுத்தவன் தலையில்தான். கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து, கொத்தடிமையிலிருந்து விடுவிக்கப்பட்டதற்கான விடுதலைச் சான்றிதழ் கேளுங்கள். மறுவாழ்வு உதவிக்கு அதுவே அடிப்படை. குழந்தையின் ஊதியத்தைப் பிடித்துவைத்த முதலாளிக்கு, இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 79-ஆம் பிரிவின் கீழ் ஐந்து ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு.

உதவி கேட்டு அவன் படத்தை வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள்; அடையாளத்தை வெளியிடுவது அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி குற்றம். ஏஜென்ட் கடைக்கு வந்து பணம் கேட்டால் பேரம் பேசாமல் 112-ஐ அழையுங்கள்.