வாசகர் கேள்வி: பனிக்குழி தோண்டினால் போதுமா?

கேள்வி: காஷ்மீரின் குல்மர்க்கில் மலையேறிப் பனிச்சறுக்கப் போகிறோம். பனியில் குழி தோண்டி அடுக்குகளைப் பார்த்தால், பனிச்சரிவு வராமல் மலைச்சரிவு தாங்குமா என்று தெரிந்துவிடுமா?
– வாசகர், தக்கலை

பதில்: குழி கடைசி வேலை. முதலில் மலைச்சரிவின் சாய்வை அளந்து பாருங்கள். பனிச்சரிவு பெரும்பாலும் வருவது 30 முதல் 45 டிகிரியில்தான். காலடியில் 'வும்ப்' ஓசை, ஓடும் விரிசல், பக்கத்தில் புதிய பனிச்சரிவுத் தடம், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் திரும்புங்கள்.

சோதனைக்குக் குழிச் சுவரில் 30 செ.மீ. சதுரப் பனித் தூணை நாற்புறமும் வெட்டிப் பிரித்து, மேலே மண்வாரித் தகட்டை வைத்து கையை மணிக்கட்டிலிருந்து அசைத்து 10, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10 முறை தட்டுங்கள். முதல் பத்துக்குள் வழுக்கி உடைந்தால் அந்தச் சரிவு வேண்டாம். உடையாவிட்டாலும் நம்பிவிடாதீர்கள். காற்று, மலையின் மறைவுப் பக்கத்தில் பனியைக் குவிக்கும் (ஆரல்வாய்மொழிக் காற்றை அறிந்த உங்களுக்குச் சொல்ல வேண்டுமா!), பத்தடி தள்ளினால் அடுக்கே வேறு.