சைட் ஸ்டாண்டை நீட்டி ஒட்டுவதற்கு முன்

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறேன். என்னுடைய பழைய ஹொண்டா சிடி 125 சைட் ஸ்டாண்டில் நிற்கும்போது வரவர அதிகமாகச் சாய்கிறது. ஒருமுறை விழுந்தும் விட்டது. மடக்கினாலும் ஸ்டாண்ட் முழுதாக மேலே போவதில்லை. அடியில் ஒரு இரும்புத் துண்டை வெல்டிங் செய்தால் போதும் என்கிறார் கராஜ்காரர். செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீட்டி ஒட்டினால் சாய்வு குறையும், ஆனால் எது தேய்ந்ததோ அது அப்படியே இருக்கும். சில மாதத்தில் பைக் மறுபடி சாயும்.

பைக்கை நடு ஸ்டாண்டில் ஏற்றுங்கள். சைட் ஸ்டாண்டை இறக்கி, அதன் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கண் மட்டும் மேலே, போல்ட் இருக்கும் இடத்தில் இருக்கட்டும். அங்கே ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தாலே கால் நுனியில் அது பல மடங்காகத் தெரியும். பழைய வண்டிகளில் பெரும்பாலும் கோளாறு இங்கேதான்: போல்ட் தேய்ந்திருக்கும், அல்லது அது போகும் ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும். கடற்காற்றில் துருவும் மணலும் சேர்ந்து, கிறீஸ் காணாத போல்ட்டை அராவிவிடும்.

போல்ட் மட்டும் தேய்ந்திருந்தால் புதியது போட்டால் சரி. ஓட்டையும் போயிருந்தால் லேத் பட்டறையில் அதைப் பெரிதாக்கி புஷ் (ஓட்டைக்குள் பொருந்தும் உலோக வளையம்) போடச் சொல்லுங்கள், அல்லது அளவுக்கு ஏற்ற தடித்த போல்ட் கடைந்து வாங்குங்கள். மாட்டும்போது போல்ட்டை ஓங்கி இறுக்கக் கூடாது. ஸ்டாண்ட் தாராளமாக மடங்கும் அளவுக்கு இறுக்கி, போல்ட் திரும்பாமல் ஒரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டு பின்பக்க நட்டைத்தான் இறுக்க வேண்டும்.

ஆட்டமே இல்லையென்றால் ஸ்டாண்ட் வளைந்திருக்கலாம், அல்லது அது முட்டி நிற்கும் ஸ்டொப்பர் தேய்ந்திருக்கலாம். சைட் ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் ஏறி உட்கார்ந்து கிக் அடிப்பது நம்மில் பலருக்குப் பழக்கம். மொத்தப் பாரமும் அந்தச் சின்னத் துண்டில்தான் இறங்குகிறது. தேய்ந்த ஸ்டொப்பரில் வெல்டிங் வைத்து அராவிச் சரிசெய்யலாம். இங்கே வெல்டிங் நியாயமானது. ஃபிரேமில் கை வைக்கும் முன் பற்றரி வயரையும் பெட்ரோல் டாங்கியையும் கழற்றச் சொல்லுங்கள். கழற்றச் சோம்பல்படும் ஆளிடம் வேலை கொடுக்காதீர்கள்.

(வேறு சிலருக்கு வண்டி சாயாமல் நிமிர்ந்து நின்று வலப்பக்கம் விழப் பார்க்கும். அவர்கள் ஸ்டாண்டை வெட்டக் கூடாது. பின் ஷொக் அப்சோர்பர் அமுங்கிவிட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும்.)

ஸ்டாண்ட் முழுதாக மேலே போகாததற்குக் காரணம் பெரும்பாலும் ஸ்பிரிங். ஸ்டாண்டை இறங்கிய நிலையிலும் மடங்கிய நிலையிலும் பிடித்துவைப்பது அது ஒன்றுதான். அது தளர்ந்தாலோ போல்ட் இறுகிக் கிடந்தாலோ ஸ்டாண்ட் பாதியில் தொங்கும். சாய்வைவிட ஆபத்து இதில்தான்: காலி வீதியிலிருந்து இடப்பக்க ஒழுங்கைக்குள் சாய்ந்து திரும்பும்போது ஸ்டாண்ட் தரையில் குத்தினால் பின்சில்லு தூக்கிவிடும். அதனால் ஸ்பிரிங் மாற்றும் வரை ஸ்டாண்டை மேலே இழுத்து ரப்பர் பட்டியால் கட்டிவிட்டு, நடு ஸ்டாண்டையே பயன்படுத்துங்கள்.

உதிரிப்பாகம் வாங்கப் பஞ்சிகாவத்தைக் கடைகளுக்குப் போகும்போது பழைய ஸ்பிரிங்கையும் போல்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள். மொடலின் பெயரை மட்டும் சொன்னால் நீளம் மாறின ஸ்பிரிங்தான் வந்து சேரும்.