பட்டறைப் பக்கம் – வாசகர் கேள்வி பதில்: பாதியில் நிற்கும் சி.என்.சி. றவுட்டர்

கதவுப் பலகையில் பூவேலை குடையவும் கோயில் வேலைக்கு மரம் செதுக்கவும் வீட்டிலேயே சி.என்.சி. றவுட்டர் (கணினி சொல்லும் பாதையில் தானே மரத்தைக் குடையும் மெஷின்) செய்யத் தொடங்கி, இடையில் விட்டவர்களின் கடிதங்களை இம்முறை ஒன்றாக எடுத்திருக்கிறோம். பெரும்பாலானோரிடம் சாமான் எல்லாம் இருக்கிறது. வேலை நிற்பது இரண்டே இடத்தில்: சட்டத்தை நேர்ப்படுத்துவதிலும் வயர் வேலையிலும்.

கேள்வி: பொக்ஸ் பாரில் சட்டம் ஒட்டி, 20 மி.மீ. றெயில், 1605 போல் ஸ்குறூ (16 மி.மீ. தடிப்பு, ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும் திருகுத்தண்டு), நான்கு நேமா 23 மோட்டர் (படிப்படியாகச் சுற்றும் ஸ்டெப்பர்), நான்கு டிபி6600 டிரைவர் (அந்த மோட்டரை ஓட்டும் மின்பெட்டி), 36 வோல்ட் பவர் சப்ளை எல்லாம் வாங்கி மூன்று வருடமாகக் கொட்டிலில் கிடக்கிறது. 600க்கு 900 மி.மீ. வெட்டும் அளவு. இன்னும் பெரிய மோட்டர் வாங்கிப் போடலாமா என்றும் யோசனை. எங்கிருந்து தொடங்குவது? (மாங்குளம்)

பதில்: பெரிய மோட்டர் வேண்டாம். இந்த அளவு மெஷினுக்கு 2.8 அம்பியர் நேமா 23 தாராளம். மோட்டரை மாற்றினால் டிரைவர் மாறும், பவர் சப்ளை மாறும், பிடிதகடு மாறும். இன்னொரு வருடம் போய்விடும். மெஷின் முதல் பலகையை வெட்டும்வரை புதிதாக ஒன்றும் வாங்குவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் துரு. மூன்று மாரி கண்ட றெயிலிலும் ஸ்குறூவிலும் துரு இருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடையுங்கள். மேல் துரு போய்விடும். குண்டுகள் ஓடும் தடத்தில் குழி விழுந்திருந்தால் அந்தத் துண்டை மாற்றத்தான் வேண்டும். அரத்தாள் போட்டுத் தேய்த்தால் தடத்தின் அளவே கெட்டுவிடும். துடைக்கும்போது போல் நட்டை ஸ்குறூவிலிருந்தும், ஓடு கட்டையை றெயிலிலிருந்தும் கழற்றிவிடாதீர்கள். உள்ளே உள்ள குண்டுகள் கொட்டிவிடும், திரும்பக் கோர்ப்பது பெரும்பாடு. துடைத்தபின் ஸ்குறூவுக்கு லித்தியம் கிறீஸ், றெயிலுக்கு மெல்லிய எண்ணெய்.

அடுத்தது சட்டம். ஒட்டிய பொக்ஸ் பார் சூட்டில் இழுபட்டிருக்கும், அது எல்லாச் சட்டத்திலும் நடப்பது. ஸ்குறூவைக் கழற்றி வைத்துவிட்டு, மேல் பாலத்தை (வெட்டும் மோட்டரைத் தாங்கி றெயிலில் ஓடும் குறுக்குச் சட்டம்) கையால் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் தள்ளுங்கள். முழு நீளத்துக்கும் ஒரே தள்ளில் போகவேண்டும். நடுவில் இறுகினால் இரண்டு றெயிலும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லை. ஒரு றெயிலை நேராக இறுக்கி, அதை ஆதாரமாக வைத்து, அதன் ஓடு கட்டையில் டயல் கேஜை (நுண்ணிய வித்தியாசம் காட்டும் அளவுகருவி) பூட்டி, முள் மற்ற றெயிலின் பக்கத்தில் தொடும்படி ஓட்டிப் பாருங்கள். முழு நீளத்துக்கும் 0.05 மி.மீ.க்குள் வந்தால் நல்லது. உயரம் குறைந்த இடத்தில் பித்தளைத் தகட்டைச் சீவி அடியில் வையுங்கள்.

போல் நட்டின் பிடியைக் கடைசியில்தான் இறுக்க வேண்டும். பாலத்தை மோட்டர் பக்கத்து பேரிங்குக்கு அருகில் கொண்டுவந்து இறுக்குங்கள், மறு முனைக்குக் கொண்டுபோய் இலேசாகத் தளர்த்தித் திரும்ப இறுக்குங்கள். நடுவில் நிறுத்தி இறுக்கினால் முனைகளில் ஸ்குறூ வளைந்து இறுகும். மோட்டர் பலவீனம் என்று பலர் நினைப்பது இந்த இறுக்கத்தைத்தான்.

இனி மூலைமட்டம். இதைக் கடைசிவரை தள்ளிப்போடுகிறவர்கள்தான் அதிகம். ஸ்பிண்டிலில் (வெட்டும் பிட்டைச் சுழற்றும் மோட்டர்) கூரான முனை ஒன்றைப் பூட்டி, மெஷினையே நகர்த்தி, மேசையில் 600க்கு 900 செவ்வகத்தின் நான்கு மூலைகளைக் குத்துங்கள். குறுக்காக இரண்டு மூலைவிட்டமும் 1081.7 மி.மீ. வரவேண்டும். இந்தச் செவ்வகத்தில் இரண்டுக்கும் 1 மி.மீ. வித்தியாசம் இருந்தால் மீற்றருக்கு 1 மி.மீ. கோணல், அதாவது 600 அகலத்தில் 0.6 மி.மீ. உங்களிடம் நீளப் பக்கத்துக்கு இரண்டு மோட்டர் இருப்பதால் சரிசெய்வது சுகம். ஒரு பக்கக் கப்ளிங்கை (மோட்டர் அச்சையும் ஸ்குறூவையும் இணைக்கும் துண்டு) தளர்த்தி அந்த ஸ்குறூவை எட்டில் ஒரு சுற்றுத் திருப்பினால் அந்தப் பக்கம் 0.6 மி.மீ. நகரும். திரும்பக் குத்தி அளந்து, இறுக்குங்கள். ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையில் ஓடும் ஜிஆர்பிஎல் மென்பொருள், வழமையான அமைப்பில் இரண்டு பக்கத்தையும் தனித்தனியே நேர்ப்படுத்தாது. ஆகவே இரு பக்கமும் தட்டும் நிறுத்துகட்டை ஒன்றைப் பூட்டி, ஒவ்வொரு முறையும் கறண்ட் போடுமுன் பாலத்தைக் கையால் அதில் முட்டவையுங்கள்.

வயரைப் பெட்டிக்குள் அழகாக அடுக்குவதற்குமுன், மேசையில் ஒரு மோட்டர், ஒரு டிரைவர், ஒரு ஆர்டுயினோ மட்டும் வைத்துச் சுற்றிப் பாருங்கள். பவர் சப்ளையின் பக்கத்தில் 115/230 என்று சிறிய தள்ளு சுவிட்ச் இருந்தால் அது 230இல் நிற்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். மோட்டரின் நான்கு வயரில் சோடி தெரியாவிட்டால், எந்த இரண்டை ஒன்றாகத் தொடுக்கும்போது அச்சைக் கையால் திருப்ப இறுகுகிறதோ அவை ஒரு சோடி. டிரைவரில் பல்ஸ், திசை இரண்டின் கழித்தல் முனைகளையும் ஆர்டுயினோவின் கிறவுண்டில் சேருங்கள். எனேபிள் முனையை வெறுமனே விடலாம். கறண்ட் இருக்கும்போது மோட்டர் வயரைப் பிடுங்கினால் டிரைவர் எரியும். எதிர்ப்பக்க மோட்டர் மறுதிசையில் சுற்றினால், அதன் ஒரு சோடி வயரை மட்டும் மாற்றிப் பூட்டினால் போதும்.

கேள்வி: மெஷின் ஓடுகிறது. 500 மி.மீ. போகச் சொன்னால் 498.5 போகிறது. நீளமான வேலை முடிந்து தொடக்க இடத்துக்கு வந்தால் 3 மி.மீ. தள்ளி நிற்கிறது. (கிளிநொச்சி)

பதில்: இவை இரண்டு தனித்தனிக் குறைகள். முதலாவது கணக்கு. மோட்டருக்கு ஒரு சுற்றுக்கு 200 படி, டிரைவர் ஒவ்வொரு படியையும் எட்டாகப் பிரித்தால் 1600, ஸ்குறூ ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. ஆகவே மில்லிமீற்றருக்கு 320. ஜிஆர்பிஎல்லின் $100, $101, $102 அமைப்புகள் மூன்றிலும் இதுதான் இருக்கவேண்டும். 1605 ஸ்குறூவில் 500க்கு 1.5 மி.மீ. குறைவது அரிது, அளவுநாடாவின் கொக்கி ஆடுவதுதான் பெரும்பாலும் காரணம். இரும்பு அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். அப்போதும் குறைந்தால் 320ஐ 500ஆல் பெருக்கி 498.5ஆல் வகுத்து, 320.963 என்று போடலாம். டிரைவரை 32 பிரிவுக்கு மாற்றினால் துல்லியம் கூடும் என்று நினைக்கவேண்டாம். அப்போது மில்லிமீற்றருக்கு 1280 படி. ஜிஆர்பிஎல் செக்கனுக்கு ஏறத்தாழ 30,000 படிதான் அனுப்பும். நிமிடத்துக்கு 1400 மி.மீ. உடன் வேகம் நின்றுவிடும்.

இரண்டாவது, படி தவறுவது. பின்னாட்டம் (திசை மாறும்போது வெளிப்படும் தளர்வு) என்றால் தவறு கூடிக்கொண்டே போகாது, திசை மாறும் ஒவ்வொரு முறையும் அதே அளவு ஆடும். வேலை நீள நீளத் தவறு கூடினால் ஒன்றில் மோட்டர் படி தவறுகிறது, இல்லாவிட்டால் கப்ளிங் வழுக்குகிறது. மோட்டர் அச்சிலும் கப்ளிங்கிலும் ஒரே கோடாகப் பேனாவால் கீறி ஒரு வேலை ஓட்டுங்கள். கோடு விலகினால் கப்ளிங். அச்சில் அரத்தால் சிறு தட்டை ஒன்று போட்டு, திருகை அதன்மேல் நூல்பூட்டுப் பசையுடன் இறுக்குங்கள். கோடு விலகாவிட்டால் $120, $121 முடுக்கத்தை 150க்கும், $110, $111 வேகத்தை 2000க்கும் இறக்கிப் பாருங்கள். குறை நின்றால் படிப்படியாக ஏற்றுங்கள். டிரைவரின் கறண்ட் சுவிட்ச் 2.8இல் நிற்கிறதா என்றும் பாருங்கள். மோட்டர் கை வைக்க முடியாமல் சுடுவது வழமை. டிரைவர் சுடக்கூடாது, நமது வைகாசி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே, விசிறி இல்லாத பெட்டிக்குள் அவை தாங்காது.

பின்னாட்டம் 0.1 மி.மீ.க்கு மேல் இருந்தால், நட்டைக் குறைசொல்லுமுன் மோட்டர் பக்கத்து பிகே12 பேரிங்கின் பூட்டு நட்டை இறுக்கிப் பாருங்கள்.

கேள்வி: ஸ்பிண்டில் போட்டவுடன் லிமிட் அலாரம் (எல்லைச் சுவிட்ச் தட்டியதாக எச்சரிக்கை) வந்து மெஷின் நிற்கிறது. மேலும் கீழும் நகரும் Z அச்சு, ஹோமிங்கில் (தொடக்க இடத்தைத் தேடும்போது) சுவிட்சைத் தட்டியும் நிற்காமல் ஏறுகிறது. (புதுக்குடியிருப்பு)

பதில்: Z முதலில். ஆர்டுயினோவின்மேல் பூட்டும் சி.என்.சி. ஷீல்ட் 3ஆம் பதிப்பின் பலகையில் Z லிமிட் என்று அச்சிட்ட முனை ஆர்டுயினோவின் 11ஆம் பின்னுக்குப் போகிறது. இன்றைய ஜிஆர்பிஎல் 11ஐ ஸ்பிண்டில் வேகத்துக்கு எடுத்துக்கொண்டு, Z லிமிட்டை 12க்கு மாற்றிவிட்டது. ஷீல்டில் ஸ்பிண்டில் எனேபிள் என்று எழுதிய முனையில் உங்கள் Z சுவிட்சைப் பூட்டுங்கள்.

அலாரத்துக்குக் காரணம் விஎஃப்டியின் (ஸ்பிண்டிலின் வேகத்தை மாற்றும் மின்கருவி) மின் இரைச்சல். ஆர்டுயினோவின் உள் தடை 20,000 ஓமுக்கு மேல். நீண்ட வயர் அன்டெனாபோல இரைச்சலைப் பிடிக்கும். ஒவ்வொரு லிமிட் பின்னிலிருந்தும் 5 வோல்ட்டுக்கு 4.7 கிலோ ஓம் தடையும், கிறவுண்டுக்கு 0.1 மைக்ரோபரட் கொண்டென்சரும் ஆர்டுயினோவுக்கு அருகிலேயே ஒட்டுங்கள். ஸ்பிண்டிலுக்குப் போகும் வயர் உறையுள்ளதாக இருக்கவேண்டும். உறையை விஎஃப்டியின் எர்த்தில் பூட்டுங்கள். அந்த வயரையும் லிமிட் வயரையும் ஒரே சங்கிலிக் குழாயில் போடாதீர்கள். யூஎஸ்பி வயர் ஒரு மீற்றருக்கு மேல் வேண்டாம்.

விஎஃப்டியைப் பற்றி இன்னொன்று. 24,000 சுற்று ஸ்பிண்டிலுக்கு 400 ஹேர்ட்ஸ் வேண்டும். அடிப்படை அதிர்வெண்ணை 50இல் விட்டு ஓட்டினால், 50 ஹேர்ட்ஸிலேயே முழு 220 வோல்ட் போய்க் கொயில் எரியும். ஓட்டுமுன் அந்த எண்ணைப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. ட்ரிப் சுவிட்ச் விழுகிறதென்று எர்த்தை வெட்டிவிடும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். உலோகச் சட்டம் முழுவதும் உயிர் வாங்கும் கம்பியாகிவிடும். மெயின் போர்டிலிருந்து தனி வழி இழுத்து, எர்த் கம்பியை மின்வேலை தெரிந்தவரைக்கொண்டு சோதிப்பித்துப் பூட்டுங்கள்.

கேள்வி: அடிக்கடி கறண்ட் போகிறது. மூன்று மணி நேர வேலை பாழாகிறது. (மல்லாவி)

பதில்: மூன்று மணி நேரம் உண்மைதான். 300க்கு 300 மி.மீ. சிற்பம், 0.3 மி.மீ. இடைவெளி என்றால் 1000 கோடு, மொத்தம் 300 மீற்றர். நிமிடத்துக்கு 1500 மி.மீ. வேகத்தில் 200 நிமிடம்.

கறண்ட் போகும்போது மடிக்கணினி பற்றரியில் ஓடுகிறது, ஆர்டுயினோவும் யூஎஸ்பியில் உயிரோடு இருக்கிறது. மோட்டர் மட்டும் செத்துவிடும். ஜிஆர்பிஎல் தான் நகர்ந்துகொண்டிருப்பதாகவே எண்ணிக் கொண்டுபோகும். கறண்ட் வந்ததும் பாலம் இடம் மாறிய நிலையில் திடீரென்று ஓடும், ஸ்பிண்டில் நின்றிருந்தால் பிட் முறியும். கை றவுட்டரை ஸ்பிண்டிலாகப் பூட்டியிருந்தால் அது தானாகச் சுழலத் தொடங்கும், அப்போது யாருடைய கையும் அங்கே இருக்கக்கூடாது.

மருந்து ஒன்று: தொடக்கு, நிறுத்து பொத்தான் உள்ள மக்னெட்டிக் கொன்டக்டர். கறண்ட் போனால் விழும், வந்தால் பொத்தானை அழுத்தும்வரை எழும்பாது. மோட்டர் பவர் சப்ளையையும் ஸ்பிண்டிலையும் அதன் வழியாகக் கொடுங்கள். அதிலேயே வழமையாக மூடியிருக்கும் உதவித் தொடுப்பு ஒன்று இருக்கும். அதன் ஒரு வயரை ஆர்டுயினோவின் A1க்கும் மற்றதைக் கிறவுண்டுக்கும் கொடுத்தால், கொன்டக்டர் விழும் கணமே ஜிஆர்பிஎல்லுக்கு நிறுத்து என்ற கட்டளை போய்விடும். பிறகு ஹோமிங் செய்து, நின்ற வரிக்குச் சில வரிகள் முன்னிருந்து தொடருங்கள். லிமிட் சுவிட்ச் இல்லாத மெஷினில் இது முடியாது. பூச்சியத்தைத் திரும்பப் பிடிக்க அவை வேண்டும்.

கேள்வி: பாலையும் முதிரையும் கருகுகின்றன, பிட் முறிகிறது. தேக்கு வெட்டினால் பிட் சீக்கிரம் மழுங்குகிறது. (ஒட்டுசுட்டான் தச்சர்)

பதில்: கருகுவது வேகம் கூடியதால் என்று எண்ணி நகர்வைக் குறைத்திருப்பீர்கள். அதனால்தான் இன்னும் கருகுகிறது. பிட் வெட்டாமல் தேய்க்கிறது. இரண்டு வெட்டுமுனை 6 மி.மீ. கார்பைட் பிட், 16,000 சுற்று, ஒரு முனைக்கு 0.05 மி.மீ. என்றால் நிமிடத்துக்கு 1600 மி.மீ. நகரவேண்டும். பாலைக்கு ஆழம் ஒரு முறைக்கு 1.5 மி.மீ.க்கு மேல் வேண்டாம். நேராகக் குத்தாமல் சரிவாக இறக்குங்கள். விழுவது மாவாக இருந்தால் நகர்வு போதாது. சிறு சீவலாக இருந்தால் சரி. நான்கு முனைப் பிட் போட்டால் நகர்வை இரட்டிப்பாக்க வேண்டும், அதற்கு வீட்டு மெஷின் தாங்காது. தேக்கில் சிலிக்கா இருப்பதால் மழுங்குவது இயல்பு, கூடுதலாக ஒரு பிட் வைத்திருங்கள். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் தரும். முகமூடியும் முழுக்கைச் சட்டையும் போட்டு, தூளை உறிஞ்சியால் எடுத்தபின் வேலை செய்யுங்கள்.

கேள்வி: மாரிக்கு மெஷினை எப்படி வைப்பது? (முழங்காவில்)

பதில்: ஐப்பசிக்கு முன் றெயிலைத் துடைத்து எண்ணெய் பூசுங்கள். கிறீஸ் பூசிய ஸ்குறூவில் மரத்தூள் ஒட்டியிருந்தால் அது ஈரத்தை இழுக்கும். பழைய கிறீஸை எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள். பிளாஸ்டிக் விரிப்பால் இறுக்கி மூடினால் உள்ளே வியர்க்கும், பருத்தித் துணியால் மூடுங்கள். கால்களைக் கல்லின்மேல் ஏற்றிவையுங்கள், மேசைப் பலகைக்குக் கறையான் தரையிலிருந்துதான் ஏறும். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திய பலகை) மேசை ஈரத்தில் ஊதியிருக்கும். தையில் வெயில் வந்தபின் 25 மி.மீ. பிட்டால் 0.5 மி.மீ. சீவி மட்டமாக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.