ஷெங் பு-எர் தேநீர்: கேட்டவையும் பதில்களும்

கே: அண்ணா, முதல் தடவையாக ஷெங் வாங்கினேன். ஐந்து நிமிடம் ஊறவைத்தேன், வாயில் வைக்க முடியவில்லை. மட்டமான சரக்கா?

ப: ஷெங் என்பது சீனாவின் யுன்னான் மாநிலத்துப் பு-எர் தேயிலையில், குவித்து நொதிக்கவைக்காத வகை. பெரும்பாலும் வட்டாக அழுத்தி விற்பார்கள். ஐந்து நிமிடம் ஊறினால் எந்த இளம் ஷெங்கும் அப்படித்தான் இருக்கும். 100 மில்லி பிடிக்கும் மூடிபோட்ட கிண்ணம் (கைவான்), 6 கிராம் இலை, நன்றாகக் கொதித்த தண்ணீர். முதல் தண்ணீரை ஊற்றிய கையோடு வடித்துக் கொட்டிவிடுங்கள். இறுகிய இலை நெகிழத்தான் அது. அப்புறம் 5 முதல் 10 விநாடி போதும். போகப் போக நேரத்தைக் கூட்டுங்கள். நல்ல இலை எட்டுப் பத்து முறை தாங்கும்.

கே: சார், அப்படியும் கசப்பு மட்டும்தான் தெரிகிறது. எதைக் கவனிப்பது?

ப: கசப்பு குறையில்லை. அது நகர்கிறதா, அங்கேயே நிற்கிறதா என்பதுதான் விஷயம். விழுங்கிவிட்டு அரை நிமிடம் சும்மா இருங்கள். நெல்லிக்காய் தின்றபின் இனிப்பதுபோலத் தொண்டையிலிருந்து ஓர் இனிப்பு மேலே வரும். சீனர்கள் இதை ஹுய்கான் என்பார்கள். நான் காசு கொடுப்பதே இதற்குத்தான். ஊறும் நேரத்தைக் குறைத்த பிறகும் கசப்பு நாக்கை விட்டு நகராமல் வாய் வறண்டால், இலை சுமார்தான். வடித்த இலையை விரித்தும் பாருங்கள். ஓரங்களில் கருகிய புள்ளிகள் இருந்தால், வாணலியில் வாட்டும்போது தீய்ந்திருக்கிறது. புகை வாடை அங்கிருந்து வரலாம்.

கே: லாவ் பன்சாங் வட்டு ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

ப: வேண்டாம். யுன்னானிலேயே விலை உச்சத்தில் இருக்கும் ஊர்களில் ஒன்று அது, மலிவாக எப்படி வரும்? உறையில் ஊர்ப் பெயரை யாரும் அச்சடிக்கலாம். முழு வட்டுக்குப் பதில் அங்குள்ள ஈவூ பகுதித் தேயிலையில் கொஞ்சம், புலாங் மலைத் தேயிலையில் கொஞ்சம் என்று மாதிரி வாங்குங்கள். முன்னது மென்மை, பின்னது முரட்டுக் கசப்பு. எது உங்களுக்கு ஒத்துவருகிறது என்று தெரிந்துவிடும்.

கே: ஷெங்கை வைத்திருந்தால் ஷூ (பு-எரின் இன்னொரு வகை) ஆகிவிடுமா?

ப: ஆகாது. ஷூ என்பது இலையை ஈரமாக்கிக் குவித்து, வாரக்கணக்கில் நொதிக்கவைப்பது. 1970களில் வந்த முறை. ஷெங்கை வாணலியில் வாட்டி, வெயிலில் உலர்த்தி, ஆவி காட்டி அழுத்துவதோடு சரி. அது வருடக்கணக்கில் தன்போக்கில் மாறும்.

கே: தம்பி, 357 கிராம் வட்டு ஒன்றைப் பிள்ளை கொடுத்தனுப்பினான். சமையலறை அலமாரியில் வைக்கலாமா?

ப: வேண்டாம்மா, மசாலா வாசனை மொத்தத்தையும் இழுத்துக்கொள்ளும். ஃபிரிட்ஜும் வேண்டாம். வெயில் படாத அறையில், வாசமில்லாத அட்டைப் பெட்டியில் வையுங்கள். மழைக்காலத்தில் அவ்வப்போது திறந்து பாருங்கள். பஞ்சுபோல் பூஞ்சை பூத்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். உடைக்கும்போது ஊசியை வட்டின் ஓரத்தில் கிடையாகச் செருகி மெல்ல நெம்புங்கள். எதிர்ப்பக்கம் கையை வைக்காதீர்கள், வழுக்கினால் நேராக உள்ளங்கைதான்.

கே: பால் ஊற்றலாமா?

ப: ஷூவில் ஊற்றிப் பாருங்கள், பொருந்தும். ஷெங்கில் வேண்டாம்.