குப்பிக்குப் போகச் சொல்லுங்கள், அக்கா

கேள்வி: மகன் இணைந்த கணிதத்தில் ஏ எடுத்து, தூரத்தில் உள்ள பொறியியல் பீடத்துக்குப் போனவன். முதல் செமஸ்டரில் கணிதமும் புரோகிராமிங்கும் பெயில். லீவுக்கு வந்தவன் திரும்பிப் போகிறான் இல்லை. பின்னேரம் முழுக்கக் கடற்கரையில் தனியே இருக்கிறான், கேட்டால் "எனக்கு இது சரிவராது" என்கிறான். அப்பா ஏசுகிறார். என்ன செய்வது?
– ஒரு தாய், உப்புவெளி

பதில்: அக்கா, முதலில் அந்த ஏச்சை நிறுத்தச் சொல்லுங்கள். தம்பிக்குக் கணிதம் தெரியாமல் போகவில்லை. பதின்மூன்று வருடம் தமிழில் படித்து, வகையிடல், தொகையிடல் எல்லாம் தமிழிலேயே கற்ற பிள்ளை, ஒரே நாளில் பெரிய மண்டபத்தில் இருந்து எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கேட்கிறான், விளங்காத இடத்தில் கை உயர்த்தவும் கூச்சம், இரவில் ஹொஸ்டலுக்கு வந்தால் மற்ற எல்லோருக்கும் விளங்கிவிட்டது போலத் தெரியும். உண்மையில் பாதிப் பேருக்கு விளங்கியிருக்காது, ஆனால் யாரும் சொல்ல மாட்டார்கள். புரோகிராமிங்கும் அப்படித்தான், உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படித்த பலர் அதைக் கம்பஸில்தான் முதன்முதல் தொடுகிறார்கள்.

இதற்குக் கம்பஸ் பிள்ளைகளே கண்டுபிடித்த மருந்துதான் குப்பி. பரீட்சைக்கு முன்னம் சீனியரோ, விளங்கிய பட்ச்மேட்டோ இருந்து, பழைய வினாத்தாளை வைத்துத் தமிழில் சொல்லிக்கொடுப்பது. காசு இல்லை. பெயில் ஆனவன்தான் வெட்கத்தில் அங்கே போகாமல் விடுவான், அதனால் கூட்டிக்கொண்டு போக ஒரு நண்பன் வேண்டும். அவனுடைய பட்ச்சில் நம்பிக்கையான ஒருவனுக்கு நீங்களே போன் எடுங்கள்.

அப்புறம் பீடத்தில் மாணவர் ஆலோசகர் என்று விரிவுரையாளர்கள் இருப்பார்கள், தம்பி அவரைப் போய்ச் சந்திக்க வேண்டும். ரிபீட், அதாவது பெயிலான பாடத்துக்குத் திரும்ப எழுதும் பரீட்சை, எப்போது எழுதலாம் என்று அவரிடம் கேட்கட்டும். பொதுவாக ரிபீட்டில் சீ தரத்துக்கு மேல் தர மாட்டார்கள், ஆனாலும் நான்கு வருடம், எட்டு செமஸ்டர் இருக்கிறது, இரண்டு பாடம் அவன் வழியை மூடிவிடாது. எனக்குப் பெரிய பயம் வேறு. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டில் நின்றுவிட்டால் வரவு குறையும், பரீட்சையும் தவறும், பிறகு எடுக்கும் மெடிக்கல் சான்றிதழைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். உடல், மனம் எதனாலாவது நிற்க வேண்டியிருந்தால் இப்போதே கடிதம் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, ராகிங் ஏதும் நடந்ததா என்று தனியாகக் கேளுங்கள். 1998ஆம் ஆண்டு 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம், சகித்துக்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

கடற்கரையில் இருப்பது சும்மா ஆறுதலுக்காகவும் இருக்கலாம். ஆனால் நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை, "நான் இல்லாவிட்டால் என்ன" என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தது என்றால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். சாகும் எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. தனியே விடாமல் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு இரவிலும் போன் எடுக்கலாம், தமிழில் பேசலாம்.

அப்படி ஒன்றும் இல்லை என்றால் அடுத்த பஸ்ஸில் நீங்களும் அவனோடு ஏறுங்கள். ஆலோசகரின் அறை வாசல் வரை போங்கள், உள்ளே அவன் தனியாகப் போகட்டும்.