மலைச்சரிவில் பார்த்த காட்டுக் காசித்தும்பையைப் பிடுங்கி வந்து வீட்டில் வளர்க்கலாமா?

வேண்டாம், தயவுசெய்து அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரச் சரிவு, ஒரு சாண் உயரம், ஒளி ஊடுருவும் சாறு நிறைந்த தண்டு, இளஞ்சிவப்புப் பூ, அதன் பின்புறம் மெல்லிய வால் என்று எழுதியிருக்கிறீர்கள். இவ்வளவும் பொருந்தினால் அது காசித்தும்பையின் காட்டு உறவுதான். இந்த மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத காசித்தும்பை இனங்கள் இங்கே பல உண்டு.

அவற்றில் இப்படிச் சிறியவை பெரும்பாலும் ஒரே பருவம் வாழ்பவை. தென்மேற்குப் பருவமழையில் முளைத்து, ஈரம் இருக்கும்போதே பூத்து, காய்த்து, மடிந்துவிடும். கோடையைத் தாண்ட கிழங்கோ வேரோ கிடையாது. மண்ணில் விழுந்த விதை மட்டும்தான். பூத்த செடியைக் காய்க்கும் முன் பிடுங்கினால், அந்த இடத்தில் அடுத்த மழைக்கு முளைக்க வேண்டியவற்றையும் சேர்த்தே எடுத்துவிடுகிறோம். அப்படி எடுத்து வந்தாலும் பிழைப்பது அரிது. தண்டு முழுக்க நீர். நிழலும் சாரலும் விலகியதும் துவண்டுவிடும்.

அடுத்த முறை பூவை அங்கேயே குனிந்து பாருங்கள். வால் போன்ற பகுதிக்குள்தான் தேன். அது நீண்டு ஒடுங்கிய இனங்களுக்கு நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள வண்ணத்துப்பூச்சிகள் வரும். பூவின் வாயில் ஐந்து மகரந்தத் தாள்களும் ஒட்டி, சூலகத்தின் மேல் குல்லாய் மாதிரி மூடியிருக்கும். மகரந்தம் தீர்ந்தபின் குல்லாய் அப்படியே கழன்று விழ, அடியில் மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி வெளிப்படும். முதலில் ஆண் நிலை, பிறகு பெண் நிலை. அதனால் ஒரு பூ தன் மகரந்தத்தாலேயே சூலுறுவது குறைகிறது. இவ்வளவு சிறிய பூவுக்குள் இப்படி ஓர் ஏற்பாடு என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

பூவை மட்டுமாவது பறித்துப் புத்தகத்தில் வைக்கலாமே என்றால், அதுவும் சரிவராது. நீர் நிறைந்த இதழ்கள் காயும்போது ஒன்றோடொன்று ஒட்டி உருவம் கெட்டுவிடும். 1911-இல் 94 வயதில் மறைந்த தாவரவியலாளர் ஜோசப் டால்டன் ஹூக்கர், தம் கடைசி ஆண்டுகளைக் காசித்தும்பை இனங்களை வகைப்படுத்துவதில்தான் செலவிட்டார். அவரையே திணறடித்தவை உலர்ந்த காசித்தும்பைப் பூக்கள். நல்ல வெளிச்சத்தில் முன்பக்கம், பக்கவாட்டு, இலை என்று மூன்று படங்கள் எடுத்தால் இனம் காண அதுவே பெரிய உதவி.

வீட்டில் வளர்க்க ஆசையென்றால் தோட்டக் காசித்தும்பை விதை வாங்கி விதையுங்கள். அதே குல்லாய் அதிலும் உண்டு. முற்றிய காயை விரலால் தொட்டால் ஐந்து தோல்களும் சட்டென்று சுருண்டு விதைகளைத் தெறிக்கவிடும். குழந்தைகள் இருந்தால் முதல் காயை அவர்கள் தொடட்டும்.