தம்பி, அந்த விண்ணப்பத்தை இப்போது போடாதீர்கள்

தம்பி, இங்கிலாந்தில் ரெடிங் வந்து ஐந்து வாரம் ஆகிறது, மூன்றரை வயதுப் பையனுக்கு இரண்டு காதிலும் கேட்பு குறைவு, சென்னையில் வாங்கிய கருவி போட்டிருக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். இவனைப் போன்ற பிள்ளைகளுக்குத் தமிழ்ச் சங்கம் ஏதாவது செய்யுமா, உடல்குறையுள்ள பிள்ளைகளுக்கு அரசு தரும் டி.எல்.ஏ. பணத்துக்கு உடனே விண்ணப்பிக்கலாமா, எந்தப் பக்கம் வீடு பார்ப்பது, கார் புதிதா பழையதா என்று நான்கு கேள்வி. வீட்டுக்கும் காருக்கும் யோசனை சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். முதல் இரண்டை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

டி.எல்.ஏ.யிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் ஆபத்து. உங்களுடையது ஸ்கில்டு வொர்க்கர் விசா. இ-விசாவைத் திறந்து பாருங்கள், பப்ளிக் ஃபண்ட்ஸ், அதாவது அரசு உதவித்தொகைகள், கிடையாது என்ற வரி இருக்கும். டி.எல்.ஏ. அந்த உதவித்தொகைகளின் பட்டியலில் இருக்கிறது. சைல்டு பெனிஃபிட்டும் அதே பட்டியல்தான். "நானும் போட்டேன், வந்தது, நீயும் போடு" என்று வாட்ஸ்அப்பில் யாராவது ஒரு அண்ணன் சொல்வார். பணம் வந்துவிட்டது என்பதற்காக அதை வாங்கலாம் என்று அர்த்தம் இல்லை. விசா நிபந்தனையை மீறியதாகிவிடும். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அப்படி வாங்கிவிட்டு, விசா நீட்டிப்பு நேரத்தில் வக்கீல் வீட்டுக்கும் தபால் ஆபீசுக்கும் அலைந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அந்த யோசனையைச் சொன்னவர் அதன்பின் அவர்கள் போனையே எடுக்கவில்லை.

இந்தப் பயத்திலேயே எல்லாவற்றையும் விட்டுவிடுகிறவர்களும் உண்டு, அது இன்னொரு முட்டாள்தனம். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பள்ளியில் கிடைக்கும் சிறப்பு உதவி, வீட்டுக்கே வந்து பார்க்கும் 'டீச்சர் ஆஃப் த டெஃப்' என்ற காது கேளாத பிள்ளைகளுக்கான ஆசிரியர், இவை எதுவும் பப்ளிக் ஃபண்ட்ஸ் கணக்கில் வராது. மூன்று பேர் குடும்பமாக வந்திருக்கிறீர்கள். பெரியவர்களுக்கு ஆளுக்கு 1,035 பவுண்டு, பையனுக்கு 776. வருஷத்துக்கு 2,846 பவுண்டு ஹெல்த் சர்சார்ஜ் என்ற மருத்துவக் கட்டணம் முன்கூட்டியே கட்டித்தானே வந்தீர்கள்? பிறகு ஏன் யாரிடமோ பிச்சை கேட்பது போல ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் குனிந்து நிற்கவேண்டும்? நாங்கள் வந்த காலத்தில் அந்தக் கட்டணமே கிடையாது, 2015இல்தான் கொண்டுவந்தார்கள். அந்த விதத்தில் நாங்கள் அதிர்ஷ்டசாலிகள். மற்ற விதங்களில் இல்லை.

"பையனுக்குக் குறை என்று பதிவானால் விசாவைப் பாதிக்குமாமே" என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அது ஆஸ்திரேலியாக் கதை. மருத்துவச் செலவைக் கணக்குப் பார்த்துக் குடும்பத்தையே திருப்பி அனுப்பும் வேலை அங்கே உண்டு. பெர்த்தில் இருக்கும் மச்சான் சொன்னதை ரெடிங்கில் இருப்பவர் நம்பிக் குழந்தையை ஒளித்து வைப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இங்கே அந்த விதி இல்லை. குடும்ப டாக்டரான ஜி.பி.யிடம் சொல்லுங்கள், நர்சரியில் சொல்லுங்கள். தலைமுடியை இழுத்துவிட்டுக் கருவியை மறைக்காதீர்கள்.

நாங்கள் 2008 செப்டம்பரில் வந்தோம். விமான நிலையத்தில் "ரீடிங்" என்று கேட்டு, டிக்கெட் கொடுத்தவர் இரண்டு தடவை திருத்தியும் எனக்கு விளங்கவில்லை. இடுப்பில் இரண்டு வயது மகள். அவளுக்குக் காது கேட்கவில்லை என்பது அப்போது எங்களுக்கே தெரியாது. பாளையங்கோட்டையில் அவள் பிறந்தபோது கேட்புச் சோதனை எல்லாம் யாரும் செய்யவில்லை. பேச்சு வரவில்லையே என்றால், "அவ அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்" என்பார் மாமியார். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? நான் வளர்ந்ததே ஃபுளோரன்ஸ் சுவைன்சன் காது கேளாதோர் பள்ளி இருக்கும் ஊரில். கையால் பேசிக்கொண்டு போகும் பிள்ளைகளைத் தினம் பார்த்தவள் நான். எங்கள் வீட்டில் அதை 'ஊமைப் பள்ளிக்கூடம்' என்றுதான் சொல்வோம். அந்தச் சொல்லை இப்போது நினைத்தால் நாக்கு கூசுகிறது.

இங்கே ஜி.பி.யில் பெயர் பதியப் போனால் முகவரிச் சான்று கேட்டு இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். நாங்கள் ஒரு வீட்டில் ஒரே ஓர் அறையில் இருந்தோம், என் பெயரில் எந்த பில்லும் இல்லை. சான்று இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாது. உங்களுக்கு இப்போது தெரிந்துவிட்டது, மறுத்தால் சும்மா திரும்பி வராதீர்கள். ஜி.பி. எழுதிக் கொடுத்தால் ஆடியாலஜி என்ற கேட்புப் பரிசோதனைப் பிரிவுக்குப் போகலாம். அங்கே அவர்கள் கருவியையே தருவார்கள், பேட்டரியும் இலவசம். சென்னையில் வாங்கிய கருவியைப் பெரும்பாலும் தொடமாட்டார்கள், அதனால் பழைய ஆடியோகிராம், அதாவது கேட்புச் சோதனை முடிவுகள், எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். காத்திருப்பு நீளமாக இருக்கும். யாராவது கேன்சல் செய்த இடம் உண்டா என்று போன் செய்து கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். வெட்கப்பட்டால் நடக்காது.

சரி, சங்கம். நம் சங்கங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், கோபித்தால் கோபித்துக்கொள்ளுங்கள். பொங்கல் விழா நடத்துவார்கள், பரதநாட்டியம் வைப்பார்கள், இட்லி நன்றாக இருக்கும். முதல் வருடம் நாங்கள் போன விழாவில் ஸ்பீக்கர் பக்கத்தில் இடம் கிடைத்தது. கருவி புதிது. பிள்ளை அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு அலறினாள். சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேட்டேன். "இன்னும் அரை மணி நேரம்தான் மேடம்" என்றார் ஒருவர். பிறகு மூன்று பெண்கள் தனித்தனியாக வந்து எந்தக் கோயிலுக்கு நேர்ந்துகொள்ளலாம் என்று சொன்னார்கள். ஒரே ஒரு யாழ்ப்பாணத்து அக்காதான் என்னை வெளியே கூட்டிப் போய், "பிள்ளைக்குக் காது கேளாட்டி, காது கேளாத பிள்ளையளின்ர தாய்மாரைத்தான் தேடோணும், தமிழரை இல்லை" என்று ஒரு துண்டுக் காகிதத்தில் பெயர் எழுதிக் கொடுத்தார். இந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான யோசனை அது.

அந்தக் காகிதத்தில் இருந்தது நேஷனல் டெஃப் சில்ரன்ஸ் சொசைட்டி. காது கேளாத பிள்ளைகளுக்காக 1944இல் சில பெற்றோர்கள் சேர்ந்து ஆரம்பித்தது. பெற்றோருக்கு உறுப்பினர் கட்டணம் இல்லை, உதவித் தொலைபேசி இருக்கிறது. அதைவிட முக்கியம், ஊர் ஊருக்கு அதோடு இணைந்த சின்னச் சின்னப் பெற்றோர் குழுக்கள் இருக்கின்றன. அங்கே போங்கள். ஒரு தேவாலய ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலி, தரையெல்லாம் பொம்மை, ஓடித்திரியும் பிள்ளைகள் எல்லார் காதிலும் பச்சை, ஊதா, மினுமினுப்பு என்று இயர் மோல்டு, கருவியில் காதுக்குள் பொருந்தும் பகுதி. என் மகளுக்கு வெளியே தெரியாத தோல் நிறத்தில் நான் தேடித் தேடி வாங்கியிருந்தேன். அன்றைக்கே அவள் ஒரு பையனின் சிவப்பு மோல்டைத் தொட்டுக் காட்டி அடம் பிடித்தாள். அடுத்த தடவை சிவப்புதான்.

குழுக்களுக்குள் கட்சி உண்டு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆடிட்டரி வெர்பல் யூ.கே. போன்றவர்கள் கேட்கவும் பேசவும் பழக்குவதில் ஊன்றி நிற்பவர்கள். 1890இலிருந்து இருக்கும் பிரிட்டிஷ் டெஃப் அசோசியேஷன் சைகை மொழிக்காகப் போராடுபவர்கள். பிரிட்டிஷ் சைகை மொழிக்கு 2022இல் தனிச் சட்டமே வந்தது. ஒரு பக்கம் போனால் மற்றப் பக்கத்தைப் பற்றி முகம் சுளிப்பார்கள். நான் முதலில் பேச்சு ஒன்றே போதும் என்று நின்றவள். 2010இல் மகளுக்கு இரண்டு காதிலும் அறுவை செய்து காக்ளியர் இம்பிளாண்ட் என்ற கேட்புக் கருவி வைத்தார்கள். குழந்தைகளுக்கு இரண்டு காதுக்கும் கொடுக்கலாம் என்று அதற்கு முந்தைய வருடம்தான், எந்தச் சிகிச்சை தரலாம் என்று சொல்லும் நைஸ் அமைப்பு பரிந்துரை செய்திருந்தது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். குளிப்பாட்டும்போது வெளிக்கருவியைக் கழற்றவேண்டும், தூங்கும்போது கழற்றவேண்டும். அப்போதெல்லாம் அவள் முழுக்கக் காது கேளாதவள்தான். தண்ணீர் சுடுகிறதா என்று கேட்க என்னிடம் மொழியே இல்லை. அந்த ஹாலில் வகுப்பு எடுத்த காது கேளாத ஒரு பெண்மணியிடம் அப்புறம்தான் சைகை கற்றுக்கொண்டேன். உங்கள் பையனுக்கு இம்பிளாண்ட் தேவைப்படுமோ படாதோ, நீங்கள் அந்த வகுப்பில் இப்போதே சேருங்கள்.

அடுத்தது பள்ளிக்கூடம். சீக்கிரமே பள்ளியின் முதல் வகுப்பான ரிசப்ஷனுக்கு இடம் கேட்கவேண்டியிருக்கும். ஈ.எச்.சி. பிளான் என்று ஒன்று சொல்வார்கள், பிள்ளைக்கு என்னென்ன உதவி தரவேண்டும் என்று உள்ளாட்சி கவுன்சிலைச் சட்டப்படி கட்டிப்போடும் ஆவணம். காது கேளாத பிள்ளைகள் பலர் அது இல்லாமலே படிக்கிறார்கள், ஆனால் தேவை என்று பட்டால் பள்ளி எழுதட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். பெற்றோரே கவுன்சிலுக்கு எழுதிக் கேட்கலாம். மதிப்பீடு செய்வோமா இல்லையா என்பதை ஆறு வாரத்தில் சொல்லவேண்டும், மொத்தமும் 20 வாரத்தில் முடியவேண்டும். அந்தக் கெடுவை நாம்தான் காலண்டரில் குறித்துவைத்துக் கேட்கவேண்டும். மறுத்தால் டிரிபியூனல் என்ற தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு உண்டு. ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் சென்டியாஸ் என்ற இலவச ஆலோசனைச் சேவை இருக்கிறது. கவுன்சில் காசில் நடந்தாலும் தனித்து இயங்குவது. ஆள் நன்றாக வாய்த்தால் தங்கம், இல்லாவிட்டால் ஒரு பிரசுரம் கொடுத்து அனுப்புவார். சட்டம் பேசவேண்டுமானால் இப்சியா என்ற தொண்டு அமைப்பு, கடிதத்துக்கு மாதிரியே வைத்திருக்கிறார்கள்.

எங்கள் காலத்தில் இதற்கு ஸ்டேட்மென்ட் என்று பெயர், சட்டம் 2014இல் மாறியது. கவுன்சில் மறுத்துக் கடிதம் அனுப்பியபோது நான் எழுதிய பதிலை அந்த ஹாலில் ஓர் ஐரிஷ் அம்மாவிடம் காட்டினேன். "தங்கள் கனிவான பரிசீலனைக்கு மிக்க நன்றி" என்று தொடங்கியிருந்தேன், நம் ஊரில் தாசில்தாருக்கு எழுதுவது போல. அவள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் பேனாவை எடுத்து முதல் பத்தி முழுவதையும் அடித்தாள். திட்டம் கைக்கு வந்தபோதும் அவள்தான் படித்துப் பார்த்தாள். "தேவைப்படும்போது ஆசிரியர் உதவி" என்று இருந்த இடத்தில் விரலை வைத்து, யாருக்குத் தேவைப்படும்போது என்று கேட்டாள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், யார் கொடுப்பார், அவருக்கு என்ன தகுதி என்று எழுத்தில் வரும் வரை கையெழுத்துப் போடாதே என்றாள். எட்டு மாதம் இழுத்தது. வந்தது. இன்றைய ஈ.எச்.சி. பிளானில் அது 'செக்ஷன் எஃப்'. மற்றப் பக்கங்களைப் புரட்டிவிடலாம், அந்தப் பகுதியை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள்.

ஒரு மனத்தாங்கல் இன்னும் ஆறவில்லை. ஆரம்பத்தில் வந்த ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட், வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழி இவளைக் குழப்பும் என்றார். வெள்ளைக்காரி சொன்னால் வேதம் என்று நானும் கேட்டுக்கொண்டேன். என் அரைகுறை ஆங்கிலத்தில் பிள்ளைக்குக் கதை சொன்னேன். 2011இல் அம்மா மூன்று மாதம் வந்திருந்தாள். பேத்தியும் பாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்கள், பேச ஒரு சொல் இல்லை. அதற்குப் பிறகு வந்த தெரபிஸ்ட், உங்களுக்கு நன்றாக வரும் மொழியில் பேசுங்கள், அதுதான் அவளுக்கு வேண்டியது என்றார். இப்போது விஷயம் தெரிந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். ஒன்பது வயதில் தமிழ் தொடங்கினாள். 'ழ' அவளுக்கு வருகிறது, என் தங்கை பிள்ளைகளுக்கு வராது. பையனிடம் தமிழ் பேசுங்கள், யார் என்ன சொன்னாலும்.

நியூபரி பக்கம் மேரி ஹேர் என்று காது கேளாத பிள்ளைகளுக்கான பெரிய பள்ளி இருக்கிறது, உங்களுக்கு அதிக தூரம் இல்லை. நாங்கள் போய்ப் பார்த்தோம், மனசுக்குப் பிடித்தது, ஆனால் மகள் சாதாரணப் பள்ளியில் தோழிகளை விட்டு வரமாட்டேன் என்றுவிட்டாள். இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். எங்களுக்கு 2013இல் நிரந்தர வசிப்புரிமை வந்த பிறகுதான் டி.எல்.ஏ. போட்டோம். உங்களுக்கும் அந்த நாள் வரும், அப்போது போடுங்கள்.

பெற்றோர் குழுவில் தரும் டீ வெந்நீர் மாதிரி இருக்கும், பிளாஸ்கில் கொண்டு போங்கள். வீட்டைப் பற்றிச் சொல்லமாட்டேன் என்றேன், ஒன்றே ஒன்று. தரையில் கார்ப்பெட் போட்ட வீடாகப் பாருங்கள், திரைச்சீலை கனமாக மாட்டுங்கள். மரத்தரை படத்தில் அழகாக இருக்கும், ஆனால் கருவி போட்ட பிள்ளைக்கு அந்த எதிரொலியில் அம்மா சொல்வதும் கரண்டி விழுவதும் ஒன்றாகத்தான் கேட்கும்.